எஸ்டிமேட்டில் நான் அடித்த ஐந்து வரிகள்

2023இல் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது என் மனைவியிடமும் அம்மாவிடமும் பொய்க் கணக்கு காட்டினேன். பிறகு கடன் கழுத்தை நெரித்தபோது, விலைவாசி ஏறிவிட்டது, கான்ட்ராக்டர் இழுத்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். வீடு கட்டினால் பட்ஜெட் தாண்டத்தானே செய்யும் என்று கேட்டவர்களும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலுக்கு நான் தகுதியானவன் இல்லை. எங்கே எவ்வளவு தாண்டும் என்பது வேலை தொடங்கும் முன்பே எனக்குத் தெரியும்.

மூன்று சென்ட் மனையில் அப்பா கட்டிய கீழ்த்தள வீடு எங்களுடையது. மேலே 720 சதுர அடிக்கு இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குளியலறை எடுப்பது திட்டம். இன்ஜினியர் கொடுத்த எஸ்டிமேட் 22 லட்சம். சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் கட்டட வேலைக்கு மட்டும் 15,84,000. அதற்குக் கீழே தனியாக ஐந்து வரிகள் இருந்தன. மாடிப்படி ஹெட்ரூம் 1,70,000. புதுத் தளத்துக்கு வெதரிங் கோர்ஸ், தட்டோடு 80,000. பழைய தூண் சோதனை, பிளான் அப்ரூவல் 66,000. எதிர்பாராச் செலவு 1,60,000. கடைசி வரி, கீழே அம்மாவின் அறையை ஒட்டி ஒரு கழிவறை, 1,40,000.

மனைவி வளர்ந்த வீட்டில் வீட்டுக் கடனால் பட்ட பாடு அவளுக்கு மறக்கவில்லை. பதினைந்து லட்சத்துக்கு மேல் போனால் வேண்டாம், இரண்டு வருடம் சேர்த்துவிட்டுக் கட்டலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். எனக்குக் காத்திருக்க மனமில்லை. மகள் பிளஸ் ஒன் போகிறாள், அவளுக்குத் தனி அறை வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். தெருவில் எங்களைச் சுற்றி எல்லா வீடும் மாடி வீடாகிவிட்டது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

எஸ்டிமேட் வந்த அன்றிரவு அந்த ஐந்து வரிகளையும் அடித்தேன். சதுர அடி விலையை 2,000 ஆக்கினேன். அது பக்கத்துத் தெருவில் இரண்டு வருடத்துக்கு முன் முடிந்த வீட்டின் விலை. 14,40,000 வந்தது. புதுத் தாளில் அழகாக எழுதி மறுநாள் வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவி சரி என்றாள். அம்மா தன் கழிவறையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கணக்குத் தெரியாதவன் செய்த வேலை இல்லை இது. நான் வேலை பார்ப்பதே கணக்குப் பிரிவில். 720 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் என்றால் 300 கன அடி கான்கிரீட், அதற்கு எழுபது மூட்டை சிமென்ட் பக்கம் வேண்டும் என்பதை நானே போட்டுப் பார்த்திருந்தேன். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். அந்தச் சூத்திரத்தை வைத்துக் கடைக்காரர் பில்லைச் சரிபார்த்தவன் நான். கடைக்காரரிடம் காட்டிய கறாரை என் தாளிடம் காட்டவில்லை.

அடித்த வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் வந்தது தூண் சோதனை. பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று அப்பா மொட்டைமாடியில் விட்டு வைத்த கம்பிகள் இருபது வருட மழையில் துருவேறிக் கிடந்தன. சில கம்பிகளைத் துணிக்கொடி கட்ட இடைஞ்சல் என்று நாங்களே அறுத்திருந்தோம். புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு சேர்த்துக் கட்டப் போதுமான நீளம் வெளியே நிற்க வேண்டும். சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்ஜினியர் நின்றார். துளை போட்டு, ரசாயனப் பசை ஊற்றிப் புதுக் கம்பி இறக்கினோம். 66,000 வரி 1,10,000 ஆனது. அவர் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் நான் சோதிக்காமலே தளம் போட்டிருப்பேன். என் பிள்ளைகள் அந்தத் தளத்துக்கு அடியில்தான் தூங்குகிறார்கள்.

அடுத்து ஹெட்ரூம். அது இல்லாமல் படிக்கட்டு வழியே மழை வீட்டுக்குள் இறங்கியது. வெதரிங் கோர்ஸ் போடாத தளத்தில் ஐப்பசி மழைத் தண்ணீர் நின்று, மகளின் அறைச் சுவரில் இறங்கியது. தட்டோடு பதித்ததோடு பட்டி பார்த்து பெயின்ட்டும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. தனி மின் இணைப்பு, பெரிய மோட்டார், புதுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ‘எதிர்பாராச் செலவு’ என்று நான் அடித்த வரிக்குள் இருந்தவைதான். கடைசியில் 22,40,000 ஆயிற்று.

பொய்க் கணக்கு கடனையும் கெடுத்தது. வங்கிக்கும் அந்த 14,40,000 எஸ்டிமேட்டைத்தான் கொடுத்தேன். அவர்கள் அதைப் பார்த்துப் பத்து லட்சம் ஒதுக்கினார்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. உண்மையான எஸ்டிமேட்டைக் கொடுத்திருந்தால் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கூடுதலாகக் கேட்டிருக்கலாம். என் கணக்கைத் தாண்டிய எட்டு லட்சத்துக்கு மனைவியின் நகை நாலரை லட்சத்துக்கு அடகு போனது. கைமாற்று இரண்டு லட்சம், பி.எஃப். முன்பணம் ஒன்றரை லட்சம்.

நகைக் கடன் ரசீதைத் தேடும்போதுதான் இன்ஜினியர் கொடுத்த முதல் எஸ்டிமேட் மனைவியின் கையில் கிடைத்தது. ஐந்து வரிகளின் மேலும் என் பேனாக் கோடு இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. "என்னைக் கேட்டு முடிவெடுத்த மாதிரி காட்டினீங்க. நீங்க கேட்கவே இல்லீங்க" என்றாள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. நான்கு வரிகள் திரும்பி வந்ததற்குக் காரணம், அவை இல்லாவிட்டால் கட்டட வேலை நின்றுவிடும், அல்லது வீடு ஒழுகும். அம்மாவின் கழிவறை இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. அதனால் அந்த வரி திரும்பவில்லை. மூட்டு வலியோடு இரவில் கொல்லைப்புறக் கழிவறைக்கு அவர் நடந்தார். மழை நாளில் பேத்தி குடை பிடித்தாள். அதே நேரத்தில் மாடி முகப்பு எலிவேஷனுக்கு 1,30,000 செலவழித்தேன். அந்தச் செலவை அடிக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்துக் கழிவறை கட்டினோம். அதற்கான பணம், அம்மா தன் குடும்ப ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்தது.

மாடி எடுக்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் பழைய தூண்களையும் அஸ்திவாரத்தையும் சோதியுங்கள். அதற்குப் பிறகு எஸ்டிமேட் வாங்குங்கள். சதுர அடி விலைக்குள் என்ன அடங்கும், எது எக்ஸ்ட்ரா என்பதை ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதி வாங்குங்கள். அனுமதியைச் சாக்காக்கித் தள்ளிப்போட இப்போது தேவையில்லை. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. எதிர்பாராச் செலவு என்று பத்து விழுக்காட்டைத் தனியே வையுங்கள். அதைத் தொட்டால்தான் வீடு நிறைகிறது என்றால், அந்த அளவுக்கு வீடு கட்ட உங்களிடம் பணம் இல்லை என்று பொருள்.

தொகை பெரிதாக இருந்தால் வேலையைப் பாதியாக்கலாம், தள்ளிப்போடலாம், வேண்டாம் என்றும் விடலாம். அதை முடிவு செய்யும் உரிமை அந்தக் கடனில் வாழப்போகும் அத்தனை பேருக்கும் உண்டு. இன்ஜினியர் கொடுத்த தாளை, ஒரு கோடும் போடாமல், அவர்கள் கையில் கொடுங்கள்.