குஞ்சு காக்கும் தோமான்



பள்ளி விடுமுறையில் நண்பர் ஒருவருடன் பேராக் ஆற்றின் கிளையொன்றுக்கு மீன்பிடிக்கச் சென்றிருந்தேன். புழு கோத்த தூண்டில் அன்று, ஃப்ளை தூண்டில். இறகும் முடியும் முள்ளில் கட்டிச் செய்த போலி இரைக்கு எடையே இராது. கனமான தூண்டில் கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அந்த விசையால்தான் இரையைத் தொலைவில் சேர்க்க வேண்டும்.

நாங்கள் தேடியது தோமான். விரால் இனத்தைச் சேர்ந்த இம்மீன் 1 மீட்டருக்கு மேலும் வளரும். இவ்வின மீன்கள் அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கியே உயிர் வாழும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும்போது, தூறல் விழுந்தாற்போல் நீர் சிலிர்க்கும். அதனடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்தச் சிலிர்ப்பின் நடுவே இரையை வீசினால் காவல்மீன் பாய்ந்து கவ்வும். பசியால் அன்று, பகை வந்ததென்று எண்ணி.

நானும் வீசினேன். நீர் வெடித்தது. நெடுநேரப் போராட்டத்திற்குப் பின் மீன் படகருகே வந்தது. அதற்குள் வேறு மீன்கள் குஞ்சுக்கூட்டத்தினுள் பாயத் தொடங்கியிருந்தன.

“சீக்கிரம் விட்டுவிடுங்கள், சார்!” என்றார் நண்பர்.

முள்ளைக் கழற்றி விட்டேன். அது நேரே குஞ்சுகளை நோக்கித்தான் சென்றது.

அப்போது ஒரு தாயாரின் முகம் நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு முந்திய வாரம் பள்ளி வாசலில் என்னிடம் சத்தமிட்டவர். வீட்டுப்பாடம் செய்யாத அவர் மகனை, நான்காம் ஆண்டு வகுப்பின்முன் நிறுத்தி, “நீ எதற்கும் உதவமாட்டாய்” என்றிருந்தேன். பிறகு ஆசிரியர் அறையில் அவரைச் ‘சண்டைக்காரி’ என்று சொல்லிச் சிரித்தவனும் நானே.

பள்ளி திறந்ததும் அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். தாம் இரவு வேலைக்குச் செல்வதால், தங்கைக்கு உணவூட்டித் தூங்க வைப்பவன் மகன்தான் என்றார். முன்பே நான் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

அதே வகுப்பின்முன் நின்று, அன்று நான் சொன்னது தவறு என்றேன். அவன் தலை நிமிரவில்லை. சொல்லும் முள்தான், மீனிடமிருந்து கழற்றியதுபோல் எளிதில் கழலவில்லை.

சென்ற வாரம் வீட்டுப்பாடத்தைப் பாதி முடித்துக் கொண்டுவந்தான். அந்தப் பாதியைத் திருத்திக் கொடுத்தேன். மீதியை ஓய்வு நேரத்தில் என்னருகே அமர்ந்து எழுதினான்.