முதல் நீரடிக் கேமரா

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

என் தந்தை தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற கோடையில் அவரிடம் மூச்சடக்கி மூழ்கப் பழகினேன். "முன்பு இந்தப் பாரில் பவளம் அடர்ந்து கிடந்தது" என்று அவர் அடிக்கடி சொல்வார். 2016ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவில் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்ததை நான் பாடத்தில் படித்தேன். அவர் கண்ணால் கண்டார். ஆனால் அவர் கண்டதற்குச் சான்று ஏது? கேமரா வாங்கும் எண்ணம் அப்படித்தான் பிறந்தது. விடுமுறையில் கடை வேலை பார்த்துச் சேர்த்த 12,000 ரூபாய் கையில் இருந்தது.

கேமராவைத் தேர்வதற்கு முன் தண்ணீரை அறிய வேண்டும் அன்றோ? நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரிதும் மங்கிவிடும். தூரத்திலிருந்து எடுத்தால் எத்தனை விலையுயர்ந்த கேமராவும் நீலப் புகையைத்தான் காட்டும். ஒரு மீட்டருக்குள் நெருங்குவதே வழி. மேலும், பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகும். ஆகவே கேமராவின் ஆழ வரம்பைப் பார்த்தே வாங்க வேண்டும்.

என் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, செல்போனை உறையிலிட்டு இறங்குவது. நீருக்குள் தொடுதிரை விரலுக்குப் பணியாது. உறை கசிந்தால் போனும் போயிற்று. இரண்டாவது, ஒலிம்பஸ் டஃப் வகைக் கேமரா. 15 மீட்டர் வரை தாங்கும். சிறு உயிர்களை மிக நெருங்கி எடுக்கும். ஆனால் விலை நமக்கு எட்டாது. மூன்றாவது, ஆக்‌ஷன் கேமரா. கோப்ரோ போன்றவை தனியாகவே பத்து மீட்டர் தாங்கும். அதற்குரிய பெட்டியில் வைத்தால் இன்னும் ஆழம் போகும். பொத்தானை அழுத்தினால் போதும். மிக அருகிலுள்ள சிறு பொருள் தெளிவாக விழாது என்பதே குறை. பவளப் பாறைக்கு அது போதும் என்று, ஒருவர் பயன்படுத்திய பழைய கேமராவைப் பெட்டியுடன் வாங்கினேன்.

பழையது வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் வெறும் பெட்டிக்குள் காகிதத்தை வைத்து வாளி நீரில் அமிழ்த்துங்கள். காகிதம் நனைந்தால் வாங்காதீர்கள். நனையாவிட்டாலும், கடலிலும் ஒருமுறை வெறும் பெட்டியை இறக்கிப் பார்த்த பிறகே கேமராவை வையுங்கள். பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்குங்கள்.

"ஏல, படம் எடுக்கப் போறவன் முதல்ல தண்ணியில அசையாம நிக்கப் படிக்கணும்" என்றார் தந்தை. அது முற்றிலும் உண்மை. கை ஆடினால் படம் ஆடும்; கால் பட்டால் மணல் கலங்கும், பவளம் முறியும். அன்று நிக்கோனோஸ் கேமராவுடன் மூழ்கியவர்களுக்கு ஒரு சுருளில் 36 படங்களே கிடைத்தன. நமக்குச் சுருள் கணக்கு இல்லை; மூச்சுக் கணக்குதான் உண்டு.

தேசியப் பூங்காத் தீவுகளுக்குள் அனுமதியின்றிப் போகக் கூடாது. எனவே அதன் எல்லைக்கு வெளியே ஒரே பாரை, மாதம் ஒருமுறை, ஒரே இடத்திலிருந்து தேதியிட்டு எடுத்து வருகிறேன். இதுவரை நான்கு மாதப் படங்கள் சேர்ந்துள்ளன. அவற்றில் அழகு குறைவுதான். ஆயினும் என் தந்தை வாய்மொழியாகச் சொல்லி வந்ததற்கு, இனி வருங்காலத்தில் தேதியுடன் ஒரு சாட்சி இருக்கும்.