இரண்டு மாமாங்கத்துப் பிறந்தநாள்

வத்தலக்குண்டு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் 21-வது பிறந்தநாளுக்கு ஊருக்கு வரட்டுமா என்று நீ கேட்டாயாம். "அதெல்லாம் வேண்டாம், 24-க்கு வா, மலையிலே வைத்துக் கொண்டாடலாம்" என்று உன் அம்மா சொல்லிவிட்டாளாம். மெல்போர்னில் உன் தோழிகளெல்லாம் 21-ஐத்தான் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள், 24-இல் என்ன இருக்கிறது, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். உன் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. குறிஞ்சியை வைத்துக் கணக்குப் போடுகிறாள், அவ்வளவுதான்.

நீ பிறந்தது 2006 செப்டம்பரில். அந்த வருஷம் பழனி மலையிலும் மூணாறுப் பக்கத்திலும் நீலக்குறிஞ்சி பூத்தது. மே மாதமே அஞ்சல் துறை குறிஞ்சிக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்றை உன் அம்மா உன் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருக்கிறாள். அதற்கு முந்தைய பூப்பு 1994, அதற்கும் முந்தையது 1982. இப்படியே பின்னால் போனால் 1838 வரைக்கும் எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. கும்பகோணத்து மகாமகம் மாதிரி. நீ பிறந்த பிறகு 2018-இல் ஒரு முறை பூத்தது. இனி 2030-இல். அப்போது உனக்கு 24, அதாவது இரண்டு மாமாங்கம்.

இந்தச் செடி ஏன் இத்தனை காலம் காத்திருக்கிறது என்று உனக்குத் தோன்றும். அது இடுப்புயரப் புதர். ஏறக்குறைய 1,300 மீட்டருக்கு மேலே, மரமில்லாத புல்வெளிச் சரிவுகளில் வளரும். வருஷக்கணக்கில் வெறும் இலையும் தண்டுமாக நின்றுவிட்டு, ஒரு மழைக்காலத்தில் சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். பிறகு விதை போட்டுவிட்டுச் செத்துப்போகும். அடுத்த மழைக்கு அந்த விதைகள் முளைத்துக் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூங்கிலுக்கும் இதே குணம்தான். விதை தின்கிற பூச்சியும் எலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் விழட்டும் என்றுதான் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் பூக்கின்றன என்பது தாவரவியல்காரர்கள் சொல்லும் காரணம். செடிக்குள் வருஷத்தை எண்ணுவது எது என்று என்னைக் கேட்காதே. நான் கணக்கு வாத்தியார், தாவரவியல் வாத்தியார் இல்லை.

எல்லா மலையும் ஒரே வருஷத்தில் பூப்பதில்லை. 2022-இல் கர்நாடகத்தின் பாபாபுடன்கிரியிலும் இடுக்கியின் சாந்தன்பாறைப் பக்கத்திலும் பூத்தது. அந்தச் சரிவுகளின் கணக்கு வேறு. குறிஞ்சிக்குச் சொந்தக்காரச் செடிகளும் நிறைய உண்டு, அவற்றில் சில அடிக்கடி பூக்கும். வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஏமாந்தவர்கள்தான்.

பிறந்தநாளைப் பூவோடு சேர்த்துப் பார்ப்பது உன் அம்மாவின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதே. இந்த மலைகளின் பளியரும் முதுவரும் வயதைக் குறிஞ்சியை வைத்துத்தான் சொல்வார்கள் என்பார்கள். பிறந்த தேதி யாருக்கு வேண்டும்? எத்தனை பூப்பு பார்த்திருக்கிறாய் என்று கேட்டால் போதும். அந்தக் கணக்குப்படி நானே இன்னும் சின்னப் பையன்தான்.

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை நீ பார்த்திருக்கிறாய். அதை 1936-இல் கட்டியவர் லேடி ராமநாதன். ஐரோப்பிய வம்சத்துப் பெண்மணி. இந்துவாகி லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துச் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். வானம் தெளிந்திருந்தால் கோயிலிலிருந்து கீழே பழனி தெரியும். கோயிலைச் சுற்றியும் குறிஞ்சிச் செடி உண்டு. ஆனால் முருகனை முன்னிறுத்தி எழுந்த அந்தக் கோயில், சுற்றியிருந்த குறிஞ்சிச் சரிவுகளைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சரிவுகள் அழிந்ததில் உன் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. உன் விக்டோரியா மாநிலத்துக் காடுகளில் இயல்பாக வளர்கிற கறுப்பு வாட்டில் மரத்தையும் ஆஸ்திரேலியத் தைல மரத்தையும் வெள்ளைக்காரன் இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறையே அவற்றையும் பைன் மரத்தையும் புல்வெளிகளில் பெருவாரியாக நட்டது. வாட்டில் பட்டை தோல் பதனிட, தைல மரம் செயற்கைப் பட்டு நூலுக்குக் கூழ் எடுக்க. புல்வெளி என்றால் "சும்மா கிடக்கிற நிலம்" என்ற நினைப்பு அப்போது எல்லோருக்கும் இருந்தது. நிழல் விழுந்த இடத்தில் குறிஞ்சி வளராது. வாட்டில் விதை மண்ணில் பல வருஷம் உறங்கிக் கிடந்து, வெட்ட வெட்ட முளைக்கும். இன்று மேல்மலையில் குறிஞ்சி தேடிப் போனால் மைல்கணக்கில் வாட்டில்தான் வரவேற்கிறது. கேரளக்காரர்கள் 2006-லேயே வட்டவடை, கொட்டகாம்பூர்ப் பக்கம் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தார்கள். நம் பக்கம் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்தது 2013-இல்தான்.

2018-க்கு வருகிறேன். உன் மதினி 1994-இல் பிறந்தவள், அந்த வருஷம் அவளுக்கு 24. அவளும் மண்டபம், டிஜே என்றுதான் கேட்டாள். அவள் அம்மா மசியவில்லை. ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம், மூணாறுப் பாதையே துண்டுபட்டுக் கிடந்தது, மழையில் பூப்பும் தள்ளிப்போனது. அதனால் செப்டம்பரில் கொடைக்கானல் மேல்மலைக்கு ஜீப் பிடித்தோம். உனக்கு 12 வயது. வளைவுகளில் வாந்தி எடுத்தது தவிர வேறெதுவும் நினைவிருக்காது. போன இடத்தில் மலை முழுக்க நீலமாக இல்லை. படத்தில் பார்த்ததை எதிர்பார்த்து வந்த உன் மதினிக்கு முகம் தொங்கிவிட்டது. வாட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு திறந்த சரிவு, அதில் திட்டுத் திட்டாகப் பூ, பூவெல்லாம் தேனீ. அங்கேயே உட்கார்ந்து உன் அம்மா தூக்குவாளியில் கொண்டுவந்த கேசரியைச் சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் மதினி தன் சிணுங்கலை மறந்து, ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போய்விட்டாள். திரும்பக் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மண்டபத்தில் கேக் வெட்டியிருந்தால் யாரையும் தேட வேண்டியிருந்திருக்காது.

உன் அம்மாவுக்கு 24 என்ற எண் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். 21-க்கு நீ அங்கேயே தோழிகளோடு கொண்டாடு, அதில் யாருக்கும் வருத்தமில்லை. 2030-க்கு மட்டும் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் விடுப்பு எடுக்கும்படி பார்த்துக்கொள். பூப்பு உச்சத்துக்கு வருவது மழையைப் பொறுத்தது. ஆகவே மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடு, சரியான பிறந்தநாளன்றே மலையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. தோழிகளை அழைத்து வந்தாலும் சரி. ஆனால் பூவைப் பறிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நீலக்குறிஞ்சி இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கேக் வேண்டுமென்றால் அதை வத்தலக்குண்டில் வீட்டிலேயே வெட்டிவிட்டு ஏறலாம். மேலே கேசரிதான். அதில் உன் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா