கீழ்வீட்டின் கூரை

தமிழ்நாட்டில் தொப்பம்பட்டிப் பக்கம் உரலை மண்ணில் பதித்திருப்பார்கள். உலக்கை எத்தனை முறை விழுந்தாலும் அதிர்வை மண் வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் மிளகாயை இடிகல்லில் இடித்தால் அதிர்வு கான்கிரீட் தளத்தில் இறங்குகிறது. அந்தத் தளம்தான் கீழ்வீட்டின் கூரை. வெளிச்சத்தம் என்றால் சன்னலைச் சாத்தலாம். நாற்காலி இழுபடுவதும் குதிகால் ஊன்றி நடப்பதும் சுவரோடு சேர்ந்தே இறங்கிவிடும்.

இங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படும் அமைதி நேரம் இரவு 10.30 முதல் காலை 7 வரை. அக்கம்பக்க இரைச்சலை ஆராய்ந்த குழு ஒன்று 2022இல் அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டப் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். ஆனாலும் இது பகலில் வேலைக்குப் போய் இரவில் தூங்குகிறவரின் கணக்கு. கைக்குழந்தை பகலிலும் தூங்கும். வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறையும். விடியுமுன்பே விழித்துவிடும் முதியவருக்கு மதியம் கண்ணயர்வது பெரிய ஆறுதல். காது மந்தமானவருக்குச் சத்தம் உறைக்காது என்பார்கள். ஆனால் முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகள். மேலிருந்து வரும் 'தொம்' அவருக்கும் கேட்கும். படிக்கிற பிள்ளைகளின் பாடு வேறு. நியூயார்க்கில் ரயில் பாதையை ஒட்டிய பள்ளி ஒன்றை ஆராய்ந்த ஆர்லின் பிரான்சாஃப்ட், இரைச்சல் பக்க வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975இல் காட்டினார். தண்டவாளத்தில் ரப்பர் வைத்து, வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பதித்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. ரயிலும் காலடியும் ஒன்றல்ல என்பது சரி; சத்தம் குறைந்ததும் பிள்ளைகள் தேறினார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

"குழந்தையைக் கட்டியா போட முடியும்?" என்று மேல்வீட்டார் கேட்பது நியாயம். ஓடாத குழந்தை வளராது. அதுவும் வயதுக்குரிய தேவைதான். காலடிக்கெல்லாம் சட்டமா என்பது அடுத்த கேள்வி. தென்கொரியா போட்டிருக்கிறது: ஓடுவது, குதிப்பது போன்ற சத்தங்களுக்கான வரம்பை 2023இல் பகலில் 39, இரவில் 34 டெசிபலாக இறுக்கியது. சிங்கப்பூரிலும் அண்டை வீட்டுப் பூசலுக்கென 2015 முதல் நடுவர் மன்றம் உண்டு. ஆனால் வழக்கில் வெல்பவரும் அதே மின்தூக்கியில்தான் ஏற வேண்டும். ஒரு தடித்த பாய், நாற்காலிக் காலுக்கு ரப்பர், இடிகல்லின் கீழ் மடித்த துணி ஆகியவை சத்தத்தில் ஒரு பங்கையாவது விழுங்கும். மீதிக்குத் தெரிய வேண்டியது கீழே யார், எப்போது தூங்குகிறார்கள் என்பது. திண்ணை இருந்த ஊரில் அது கேட்காமலே தெரிந்தது. இங்கே கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.