இரு பக்கமும் நின்றேன்

சித்தூர்த் தமிழனாகிய என்னைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்காத நண்பர் இல்லை. 2019 மார்ச் 9-ஆம் நாள் நான் இரு பக்கமும் நின்றேன்.

ஐ-லீக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள் அது. முன்னணியில் சென்னை சிட்டி. பெயரில்தான் சென்னை, ஆடியதோ எங்கள் வாளையாற்றுக்கு அப்பால், கோவையில்! ஒரே புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால்; அதை எதிர்த்துக் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா. என் கண் கோவைத் திடலில். காதோ, கைப்பேசி வழியே, கோழிக்கோட்டில். தொடக்கத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட, நெஞ்சு படபடத்தது. மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அங்கே கோகுலம் முந்தியது என்றதும் மலையாளத்திலேயே கூவினேன். ஆனால் கோகுலம் 1-2 எனத் தோற்றது. இங்கே கௌரவ் போராவின் இரு கோல்களால் 3-1. ஈஸ்ட் பெங்காலின் 42 புள்ளிகளை 43 வென்றது.

உக்கடத்தில் ஏறிய பாலக்காட்டுப் பேருந்தில் கோகுலத்துக்காக வருந்தினார் ஒருவர். அவரோடு சேர்ந்து நானும் வருந்திக்கொண்டே வந்தேன்.