கூடு காலியான பிறகு மருந்து எதற்கு?

மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாயை நம்பி ஒருபோகம் சாகுபடி செய்யும் கிராமம் அது. அப்பத்தாவுக்கும் பேரனுக்கும் 2 ஏக்கர் நெல், 14 செம்மறி ஆடுகள். மகனும் மருமகளும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, வயலைப் பேரன்தான் பார்த்தான். அந்த ஆண்டு தண்ணீர் தாமதமாக வந்ததால் நடவு பிந்திப் போனது. சாகுபடிச் செலவுக்காக அப்பத்தாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது.

பிந்திய பயிரைத் தூக்கி நிறுத்தலாம் என்று நினைத்த பேரன், யூரியாவை ஒரு மூட்டை கூடுதலாகவே போட்டான். பயிரும் கரும்பச்சையாகக் கிளம்பியது. ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டு, தூறல் விடாமல் பிடித்தது. ராத்திரியில் திண்ணை விளக்கைச் சுற்றி, சிவப்பு வயிறும் நீளக் காலுமாகக் கொசு போன்ற பூச்சிகள் வந்தன. மழைக்கொசு என்று நினைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

நட்ட 35-ம் நாள், குத்துகளின் நடுவே வெங்காயத்தாள் போல வெளுத்த குழல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. அதுதான் ஆனைக்கொம்பன். பேரன் ஓடிப்போய் மருந்து வாங்கி அடித்தான். பத்து நாள் கழித்துப் பார்த்தால் குழல்கள் முன்பைவிட அதிகமாக இருந்தன. இரண்டாவது முறையும் கடனுக்கு மருந்து வாங்கி வந்தவனை, அப்பத்தா வரப்பிலேயே மறித்தார்.

"நில்லுடா. 20 குழலைப் பிடுங்கிட்டு வா, பாப்போம்."

கதிர் அரிவாள் முனையால் ஒவ்வொன்றாகக் கீறினார். 13 குழல்களில் புழுவே இல்லை. நுனியில் சின்ன ஓட்டை, அதில் ஒட்டிய கூட்டுப்புழுத் தோல். 5 குழல்களில் புழுவுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொடிக் குளவிக் குஞ்சுகள். மீதி இரண்டில்தான் உயிருள்ள புழு இருந்தது.

"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவனுக்கு வாசல்ல காவல் நிக்கிறியாக்கும்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனைக்கொம்பன் ஈ இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடுகிறது. மூன்று நான்கு நாளில் பொரிக்கும் புழு, பனியிலும் தூறலிலும் நனைந்த இலையுறை வழியாக இறங்கிக் குருத்தின் அடியில் போய் உட்காருகிறது. அது அங்கே சுரப்பதும் தின்பதுமாக இருக்க, இலையுறை குழலாக மாறிவிடுகிறது. முட்டையிலிருந்து ஈ வரை ஏறக்குறைய மூன்று வாரம். குழல் நம் கண்ணில் படும்போது ஈ கிளம்பும் நாள் நெருங்கியிருக்கும், அல்லது கிளம்பியே இருக்கும். அந்தத் தூரில் இனிக் கதிர் வராது. எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. வயலில் இருந்த பிளாட்டிகாஸ்டர் குளவிதான் ஈயைக் கட்டுப்படுத்தும் நண்பன். கண்டபடி மருந்து அடித்தால் அதுவும் சேர்ந்து செத்துப்போகும். தூர் கட்டும் பருவம் முடிந்துவிட்டால் ஈயால் புதிதாகச் சேதம் செய்ய முடியாது. அந்தப் பயிர் அந்தக் கட்டத்தை நெருங்கியிருந்தது. மருந்து கடைக்கே திரும்பியது.

வயலில் ஈயைப் படித்த அப்பத்தா, தொழுவத்தில் ஏமாந்தார். கார்த்திகையில் மூன்று ஆடுகளுக்குக் காய்ச்சல் வந்து, மூக்கு ஒழுகி, உதடு வீங்கி, கால் நொண்டியது. ஈரப்புல் மேய்ந்ததால் வந்த வாய்ப்புண் என்று நான்கு நாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, நீலநாக்கு நோய் என்றார். அதற்குள் இன்னும் ஆடுகள் படுத்துவிட்டன. நான்கு செத்தன.

நீலநாக்கு வைரஸ் நோய். கியூலிகாய்டஸ் என்ற மிகச் சிறிய கடி ஈ, ஓர் ஆட்டைக் கடித்து இன்னோர் ஆட்டுக்குக் கடத்துகிறது. சாதாரணக் கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும். சாணமும் சேறும் கலந்த ஈரத்தில் பெருகி, அந்தி முதல் விடியும் வரை கடிக்கும். மனிதருக்கு இந்த நோய் வராது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, ஆனால் மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஆடுகள் கட்டிக் கிடந்ததோ குப்பைக்குழியை ஒட்டிய சேற்றில்.

"வயக்காட்டு ஈ தெரிஞ்ச எனக்குத் தொழுவத்து ஈ தெரியலையேடா" என்று அப்பத்தா அழுதார். பேரன் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குப்பைக்குழியைத் தள்ளி வெட்டப் போனான்.

வழக்கமாக 56 மூட்டை காணும் வயலில் 41 மூட்டைதான் கண்டது. தோட்டுக்கு வட்டி மட்டும் கட்ட முடிந்தது.

அடுத்த ஆண்டு ஆனைக்கொம்பனைத் தாங்கும் எம்.டி.யு. 3 விதைத்தார்கள். தண்ணீர் வந்ததும் தாமதிக்காமல் நட்டார்கள். யூரியாவை அளவோடு மூன்று தவணையாகப் பிரித்து, சாம்பல் சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வரப்புப் புல்லைச் சுத்தமாகச் செதுக்கினார்கள். நட்டதிலிருந்து வாரம் ஒருமுறை 20 குத்துகளைப் பேரன் எண்ணினான். 100 தூருக்கு 10 குழல் வந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிப்பது என்று முடிவு. ஆவணியிலேயே ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, பட்டியை மேட்டுக்கு மாற்றினார்கள்.

திண்ணை விளக்கு இப்போது வயல் ஓரத்தில், மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்ச் சட்டிக்கு மேலே தொங்குகிறது. காலையில் சட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பேரன் டீ குடிக்கிறான். "சிவப்பு வயிறு எத்தனைடா?" என்று அப்பத்தா தினமும் கேட்கிறார். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. இந்த அறுவடையில் மீட்டுவிடலாம் என்று இருவரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.