துப்பாக்கியைக் கண்டு கூசுவது கோழைத்தனமல்ல

பசியாவரம் என்ற மீனவக் கிராமத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு, துப்பாக்கி ஏந்திய காவல் சுற்றிவரும் ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துத் தீவு. ஆயுதத்தைப் பார்த்து மனம் கூசினால் "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பார்கள். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் 'என்ரிகா லெக்ஸி' எண்ணெய்க் கப்பலிலிருந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டு இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். அதே ஆண்டு ஜூலையில் துபாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டதில் ராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் இறந்தார். 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பகுதியில் நம் கடற்படையே சுட்டு ஒரு தமிழக மீனவர் காயமடைந்தார். இவர்கள் செய்த தப்பு என்ன? துப்பாக்கி பிடித்தவரின் கணநேரச் சந்தேகம், அவ்வளவுதான்.

2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் மீன்பிடிப் படகில்தானே வந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலுக்குக் காவல் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காவல் வேறு, மிரட்டல் வேறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் பெற்றவரும் பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டே கொண்டுபோக வேண்டும் என்கின்றன. வெளியே தெரியும் ஆயுதம் எதிரிலிருப்பவரை ஒடுக்கும் என்பதைச் சட்டமே ஏற்கிறது என்றுதான் இதை வாசிக்கிறேன். சீருடைக்காரருக்கு அந்த உறை பொருந்தாதுதான். அப்படியானால் அவர் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் இங்கேயே கணக்குக் கேட்க முடியவேண்டும். ஆனால் என்ரிகா லெக்ஸி வழக்கு 2021இல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு இந்தியாவில் முடிந்தது. சுட்டவர்கள் மீதான குற்ற விசாரணை நம் நீதிமன்றங்களில் நடக்கவே இல்லை.